பிரிசில்லாவின் கைகளுக்கு ஒரு மெத்தை

1

இந்தக் கதை என்னுடைய தப்பான யூகத்தில் பிறந்தது. காட்பாடியிலிருந்து ஆம்பூர் வழியாகப் போகும் ரயிலில் எதிர் சீட்டுப் பெண்ணின் இரண்டு கைகளிலும், முழங்கையை ஒட்டி, ஒரே அளவில் கன்றிப்போன தழும்பு. அவள் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதற்குள் ஒரு குடிகாரக் கணவனையும் ஒரு பழுக்கக் காய்ச்சிய கம்பியையும் தயார் செய்துவிட்டேன். முதல் வரிகூட வந்துவிட்டது:

அவள் கைகளில் இருந்தது காயமல்ல, கையெழுத்து, அதைப் போட்டவன்...

(அடித்துவிட்டேன். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்த வரி என்பதால் நீங்கள் பார்க்கும்படி விட்டுவைத்திருக்கிறேன்.)

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"பேட் சார்," என்றாள். "சைக்கிள் பேட் அழுத்தினது."

2

பெயர் பிரிசில்லா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் செக்‌ஷனில் வேலை. கல்யாணம் ஆகவில்லை என்றாள். எனவே கணவனை வேலையை விட்டு நீக்க வேண்டியதாயிற்று.

அவள் ஓட்டுவது டைம் ட்ரயல் சைக்கிள். பக்கத்தில் யாரும் முந்த மாட்டார்கள். ஒவ்வொருவராகக் கிளப்பிவிடுவார்கள், கடிகாரத்தோடுதான் போட்டி. காற்று தடுக்காமலிருக்க நன்றாகக் குனிந்து, முன்னால் நீளும் இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, முன்கைகளை இரண்டு சின்ன மெத்தைகளின் மேல் ஊன்றி ஓட்ட வேண்டும். அந்த மெத்தைதான் பேட். முன்பாரம் முழுக்க அதன்மேல்தான்.

நான் துள்ளினேன். ஆம்பூர், தோல், மெத்தை! செத்த மாட்டின் தோலும் உயிருள்ள பெண்ணின் தோலும் உரசிக்கொள்ளும் அந்த...

"தோல்ல பேட் தெச்சுக்கலாமே?" என்றேன்.

"வேணாம் சார். வேர்வைல வழுக்கும்."

ஆம்பூரில் நடக்கும் கதையிலிருந்து தோல் வெளியேறிய விதம் இதுதான்.*

* பத்திரிகை ஆசிரியர் "மண்வாசனையோடு" கேட்டிருந்தார். மன்னிக்கவும்.

3

சைக்கிள் அவளுடையதல்ல, சைராவுடையது. இருவரும் கல்லூரியில் ஒன்றாக ஓட்டப் பழகியவர்கள். போன வருஷம் வாணியம்பாடி ரோட்டில் விழுந்து சைராவுக்குத் தோள்பட்டை உடைந்தது. எலும்பு சேர்ந்தது, கை முன்னால் நீள மறுத்தது. வீட்டில் சும்மா நின்ற சைக்கிளைப் பிரிசில்லாவிடம் கொடுத்தாள்.

"ஓட்டுடி. ஆனா எதையும் மாத்தாத. நான் திரும்பி வந்து உக்காந்தா அப்படியே இருக்கணும்."

பேட் நிற்க வேண்டிய இடத்தைக்கூடக் கம்பியில் சிவப்பு நெயில் பாலிஷால் கோடு போட்டிருந்தாள்.

சைரா குள்ளம், பிரிசில்லா நெட்டை. அந்தக் கோட்டில் நின்ற பேட் பிரிசில்லாவுக்குச் சரியாக முழங்கை எலும்பில் குத்தியது. பேட்டும் தேய்ந்து கல்லாகியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சுண்டுவிரல் மரக்கும், அப்புறம் பக்கத்து விரல், அப்புறம் கையே. நரம்பு நசுங்குகிறது, இப்படியே போனால் சரிப்படாமல் போகலாம் என்றார் டாக்டர்.

ஒருநாள் ஒடுகத்தூர் ரோட்டில் வேகமாக வந்தாள். ஒரு வளைவைத் தாண்டினால் ரோட்டில் பாதிக்கு வேர்க்கடலை காயப்போட்டிருந்தது. பிரேக்குக்குக் கையைக் கொண்டுபோனாள். கை போனது, விரல் மடங்கவில்லை. கடலைமேல் சறுக்கி விழுந்தாள்.

"கண்ணு தெரியலயாம்மா?" என்று ஓடிவந்தார் கடலைக்காரர்.

"கண்ணு தெரியுதுண்ணா. கைதான் தெரியல."

4

இனி மெத்தை தேடும் படலம். (இங்கே வாசகர்களில் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று தெரியும். போகிறவர்கள் ஐந்தாம் பகுதிக்கு வந்துவிடுங்கள்.)

முதலில் ஜெல் பேட் வாங்கினாள். கடையில் அமுக்கிப் பார்க்கச் சொர்க்கம். ரோட்டில் சீக்கிரமே அமுங்கி, எலும்பு அடித்தட்டைத் தொட்டது. அடுத்து தடித்த ஸ்பாஞ்ச். அது கையை உயர்த்திவிட, கழுத்து பிடித்துக்கொண்டது. கடைசியில் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டு, ஷூவுக்குள் போடும் ஃபோம் துண்டுகளில், அழுத்தினால் பாதி அமுங்கி நிற்கிற ஒன்றை எடுத்தாள். முன்கையைத் தாங்கும் அளவுக்கு அகலமாக வெட்டினாள். அதுவும் போதவில்லை. எலும்பை விட்டுச் சதையில் பாரம் விழ, பேட்டை முன்னால் தள்ளியாக வேண்டும்.

அதாவது சிவப்புக் கோட்டைத் தாண்ட வேண்டும்.

"சைராகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"என்னன்னு கேக்கறது சார்? மாத்தட்டுமான்னு கேட்டா, நீ இனிமே வரமாட்டேன்னு நானே சொல்ற மாதிரி ஆயிடும்ல?"

கேட்காமலே மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். கை கடைசிவரை கையாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாளாம்.

5

பந்தயத்தன்று விடியற்காலை, பைபாஸ் ரோடு. சைரா சொல்லாமல் வந்து நின்றாள். முதலில் பேட்டைத்தான் பார்த்தாள்.

"மாத்திட்டியா?"

"கை மரத்துப்போவுது சைரா. பிரேக் புடிக்க முடியல."

சைரா சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு சொன்னாள்:

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. விழுந்த அன்னிக்கு."

"லாரி ஒரசிச்சுன்னு சொன்ன?"

"லாரியே இல்லடி. விரல் மடங்கல."

"தெரிஞ்சுமா மாத்தாதன்னு சொன்ன? நான் கடலைல விழுந்தேன், லாரில விழுந்திருந்தா?"

"நீ அதுலயே நல்லா ஓட்டிட்டா, பேட் மேல தப்பில்லன்னு ஆயிடும்னு நெனச்சேன். இல்லன்னா... ஒரு பேட்ட மாத்தியிருந்தா போதும்னு ஆயிடும்ல? இத்தினிக்காண்டு ஸ்பாஞ்சுக்கா என் தோள் போச்சு?"

(இந்தச் சைராவை நான் நம்பவில்லை. ஒரு தோழி அப்படிச் செய்வாளா? பாத்திரம் பிசகுகிறது, கொஞ்சம் நல்லவளாக்கலாமா என்று பிரிசில்லாவிடம் கேட்டேன். "செஞ்சா சார். நல்லவதான், செஞ்சா," என்றாள்.)

6

டைம் ட்ரயலில் ஓட்டுபவர் இரண்டு காலையும் பெடலில் மாட்டிக்கொள்வார். கிளம்பும்வரை யாராவது பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று பிடிக்க வேண்டிய பையன் வரவில்லை. பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நான் புடிக்கிறேன்," என்றாள் சைரா. நல்ல கையை நீட்டினாள்.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) பிரிசில்லா கண்ணீரோடு தலையசைக்கிறாள். தோழிகள் தழுவிக்கொள்ள...

ஆ) "தொடாத!" என்று கத்திவிட்டுத் தனியாகவே...

இ) அவள் ஜெயித்து, மெடலைக் கொண்டுபோய்ச் சைராவின்...

மூன்றையும் பிரிசில்லாவிடம் படித்துக்காட்டினேன். ரயில் வாணியம்பாடியைத் தாண்டியும் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆம்பூரிலேயே இறங்கியிருக்க வேண்டும்.

நடந்தது இவ்வளவுதான்: "புடி," என்றாள். சைரா பிடித்தாள். விசில் ஊதியதும் விட்டாள். பிரிசில்லா போனாள்.

"அப்போ மன்னிச்சிட்டியா?"

"புடிக்க வேற ஆள் இல்ல சார்."

அது பதிலா, பதிலைத் தவிர்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த வாரமும் இருவரும் சேர்ந்துதான் ஒடுகத்தூர் ரோட்டுக்குப் போகிறார்களாம். சைரா ஸ்கூட்டியில் பின்னால். பேச்சு இருக்கிறதா என்று கேட்டேன். "ஹார்ன் அடிப்பா," என்றாள். அதற்குமேல் எனக்குத் தைரியமில்லை. அந்த ரோட்டில் எப்போதாவது போனால் நீங்களே கேட்டுப் பாருங்கள்.