ராணிக்கொண்டைத் தைலம்

“பாட்டில் பாட்டிலா வாங்கித் தடவியாச்சு. எம்புள்ளைக்கு இருந்ததும் கொட்டிப்போச்சு. நீங்க தடவனது வேற. அத மறைக்காம எடுத்து வையுங்க சம்பந்தி,” என்று ரமா கத்தியது எங்கள் ஆஸ்டின் டவுன் முழுக்கக் கேட்டிருக்கும்.

“எத்தன வாட்டி சொல்றது, வெறும் தேங்கா எண்ணெதான்,” என்று முத்தம்மாவும் விடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நான் துணி காயப்போடத்தான் வெளியே வந்தேன். வாளியில் துணி இல்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன்.

முத்தம்மாவின் மகள் மமதாவை ரமாவின் மகன் பிரகாஷுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். பையனுக்குப் பொம்மசந்திராவில் கம்பெனி வேலை. குறை என்றால், முப்பது ஆவதற்குள் முன்மண்டை பளபளத்துவிட்டதுதான். மமதாவோ பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவாள். அந்தக் கூந்தலே வினையாயிற்று. வரன் பார்க்க எடுத்த படத்தை ஸ்டுடியோக்காரன் டென்சில் ராணிக்கொண்டைத் தைலக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். அதையே இரண்டாகப் போட்டு, ஒன்றில் முடியைச் சுரண்டி எடுத்து ‘முன்’ என்றும், மற்றதை ‘பின்’ என்றும் அச்சடித்து பஸ்களின் முதுகில் ஒட்டிவிட்டார்கள். தொண்ணூற்றாறாம் நம்பர் பஸ்ஸில் சிவாஜிநகர் போனாலும் மமதாவின் மண்டை நமக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

அவளைப் பிறந்ததிலிருந்து பார்க்கிற எங்கள் வீதியே குழம்பிப்போனதுதான் வேடிக்கை. டைபாய்டு வந்தபோது கொட்டியதே என்றாள் ஒருத்தி. இல்லை, பள்ளிக்கூடத்திலேயே சொட்டைதான் என்றாள் இன்னொருத்தி. நானும் யோசித்துப் பார்த்தேன். சின்ன வயது மமதாவை நினைத்தால் பஸ்ஸில் பார்த்த படம்தான் கண்ணில் வந்தது. முத்தம்மாவே ஒருநாள் என்னிடம், “ஏங்க்கா, நான் எதனா தடவியிருப்பனா?” என்று கேட்டாள். பெற்றவளுக்கே தெரியாததற்கு நான் என்ன சொல்ல?

சண்டை நடந்த அன்றைக்கு ரமா முடிவாகச் சொல்லிவிட்டாள்: தைலத்தைக் காட்டாவிட்டால் கல்யாணம் கிடையாது. இதையே மறைக்கிறவள் நாளைக்கு வேறென்ன மறைப்பாளோ. முத்தம்மா ஓடிப்போய் டென்சிலை இழுத்துவந்தாள். படத்தைச் சுரண்டியது தன் கைதான் என்று அவன் ஒப்புக்கொண்டான். உங்கள் தெருக்காரன் வேறெப்படிச் சொல்வான் என்று ரமா உதட்டைப் பிதுக்கினாள்.

அம்மாவோடு வந்திருந்த பிரகாஷ் கைக்குட்டையால் தலையைத் துடைத்துக்கொண்டான். “உன்னை நம்பறேன் மமதா. ஆனா பஸ் மேலயே போட்டிருக்காங்களே,” என்றான்.

மமதா அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு பழைய சீசா இருந்தது.

“இதான் அத்தே. இப்ப கடையில கிடைக்காது. தீர்ந்தா சொல்லுங்க.”

ரமா சீசாவை வாங்கி மூடியைத் திறந்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை என் வீட்டு வாசல் வரை அடித்தது. ரமா முகர்ந்து பார்த்து, இதில் ஏதோ மூலிகை இருக்கிறது என்றாள்.

தை மாதம் அல்சூரில் கல்யாணம் நடந்தது. மமதா பொம்மசந்திரா பக்கம் குடிபோனாள். அங்கே பெண்கள் கேட்டால், சொட்டைத் தலையோடு தான் பட்ட பாட்டைக் கண்ணீர் விட்டே சொல்கிறாளாம். பிரகாஷுக்கு முடி வந்துவிட்டது என்கிறாள் ரமா. மமதாவின் வளைகாப்பில் நான் அவன் தலையைப் பக்கத்தில் நின்றே பார்த்தேன். இருப்பது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. டென்சில் ஸ்டுடியோவை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போய்விட்டான்.