கடல்பாசிக் கட்டியில் இரண்டு தோட்டாக்கள்

இரண்டு தெரு தள்ளி நகைத் திருட்டு நடந்த வாரமே பத்ரி கைத்துப்பாக்கி வாங்கிவிட்டார். இந்தியர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது டெக்சஸின் பிளானோ ஊரில் திருடர்களுக்கும் தெரிந்திருந்தது. மனைவி ஷ்யாமளா மறுக்கவில்லை. தோட்டா உடம்புக்குள் எப்படிப் போகும் என்று சோதிக்க, சதைபோல் இருக்கும் ஜெலட்டின் கட்டி செய்ய வேண்டும் என்று அவர் கேட்டபோதுதான் மறுத்தாள். மாட்டெலும்பில் செய்த சாமான் தன் அடுக்களைக்குள் வரக் கூடாது. கடைசியில் கடல்பாசியைக் காய்ச்சிப் பெரிய டப்பாவில் உறையவிட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை நண்பரின் பண்ணையில் அந்தக் கட்டியைச் சுட்டுவிட்டு வந்தவர், சாப்பாட்டு மேஜையில் பேப்பர் டவலை விரித்துத் தோட்டாக்களை வைத்தார். இரண்டும் நுனியில் குழி உள்ள ரகம். உடம்புக்குள் போனதும் விரியும். ஒன்று அரைகுறையாக விரிந்திருந்தது. மற்றது காளான்போல் முழுதாக மடங்கியிருந்தது.

“பாருடி, இது உள்ளேயே நின்னுடும். சுவத்தைத் துளைச்சுண்டு அடுத்த ரூமுக்குப் போகாது. நம்ம சேஃப்டிக்குத்தான்.”

“கார் வாங்கறச்சேகூட இவ்ளோ ஆராய்ச்சி பண்ணலையே நீங்க.”

“உன் கடல்பாசி சுக்குநூறாயிடுத்து. ஜெலட்டின்னா ரிசல்ட் கரெக்டா வந்திருக்கும்.”

மாடியிலிருந்து ஷ்ரேயஸ் இறங்கி வந்தான். பிப்ரவரியில் கல்லூரி விடுதியில் கைநிறைய மாத்திரை விழுங்கிப் பிழைத்த பிள்ளை. அன்றுமுதல் தலைவலி மாத்திரையைக்கூட ஷ்யாமளா தன் ஆபீஸ் டிராயரில்தான் பூட்டி வைக்கிறாள். அறையைவிட்டு அவன் வருவதே அபூர்வம். மடங்கிய தோட்டாவை எடுத்துப் பார்த்தான்.

“விச் ஒன் இஸ் பெட்டர், அப்பா?”

பிள்ளை தானாக வாய் திறந்ததில் பத்ரிக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாவற்றையும் விளக்கினார்.

“ஸோ, ஒன் இஸ் இனஃப்?”

“அதான்டா பாயின்ட்டே! ஒண்ணே போறும்.”

ஷ்ரேயஸ் தலையாட்டினான். தோட்டாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குத் திரும்பினான்.

“பாத்தியா, எவ்ளோ நாளாச்சு இப்படிப் பேசி!” என்றார் பத்ரி.

ஷ்யாமளா தோட்டாக்களைப் பேப்பர் டவலோடு சுருட்டினாள்.

“ஏன்னா, துப்பாக்கி எங்கே?”

“லாக்கர்ல வெச்சு லாக் பண்ணிட்டேனே.”

“நம்பர் என்ன? அவன் பொறந்த நாள்தானே?”

பேங்க், போன், வாசல் கதவு, எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் அதே எண்தான்.

“எடுத்துண்டு போங்கோ. தோட்டாவையும் சேத்து. கடைக்காரன்கிட்டயே குடுத்துடுங்கோ.”

“நீயும் வாயேன், ஷ்யாமு.”

“நான் எங்கே வரது? அவன் தனியா இருக்கான்.”

லாக்கர் இருந்த அறைக்கு அவர் ஓடினார். ஷ்யாமளா படியேறினாள். அந்த வீட்டில் பிள்ளையின் கதவை யாரும் தட்டாமல் திறப்பதில்லை. அவள் தட்டவில்லை.