பனிக்காலணித் தீர்ப்பு

வானத்து இலவங்காய்கள் ஒருங்கே வெடித்தாற்போல் பனி பொழிந்து, மலையின் தோள்களைப் போர்த்தி, மாடிவீடுகளின் இரும்புப் படிகளை மெழுகி, தெருவோரத்து ஊர்திகளையெல்லாம் உறங்கும் வெள்ளானைகளாக்கியிருந்த ஒரு மார்கழி ஞாயிற்றின் நண்பகல் அது. உலகப் பொருட்காட்சி முடிந்து ஆண்டு சில கடந்த மொன்றியல் மாநகரில் அன்று வீசிய குளிரில், சிரித்தவர்க்கு மீசை ஒடிந்தது. நல்வாய்ப்பாக, ஒடிந்த மீசையை ஒட்டவல்ல மருத்துவர் இருவர் தமிழ்ச் சங்கத்தில் இருந்தனர்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் வாழ்ந்த ரகுநாதனாரின் இல்லத்தில் அன்று சங்கத் தலைவர் தேர்தல். வாக்குச்சீட்டு அங்கில்லை, கையெழுத்தைக் கண்டதும் ஆளைச் சொல்லும் பேராசிரியர்கள் மிகுந்த சங்கமாதலின், ஒவ்வொருவராக நுழைந்து, பனிக்காலணியைக் கழற்றி, தாம் விரும்புவோர்க்குரிய பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே செல்வதே வழக்கம். எல்லாம் ஒரே கடையில் மலிவுநாளில் வாங்கிய கருங்காலணிகள். தம்முடையது எதுவென்பதில் அணிந்தவர்க்கே ஐயமுண்டு.

வலப்பக்கம் பாலங்கள் கட்டும் பொறியாளர் பாலகிருஷ்ணனுக்கு. பொங்கல் விழாவை ஆண்டுதோறும் தொலைவான புறநகர் கர்க்லாண்டிலுள்ள தம் இல்லத்திலேயே நடத்துபவர் அவர். இடப்பக்கம் செடிகொடி ஆய்வாளர் கமலினிக்கு. பேருந்து எட்டாத அவ்வூருக்குச் செல்ல ஊர்தியின்றி, சென்ற பொங்கலன்று தன் அறையில் தனியே அமர்ந்து அடிப்பிடித்த பொங்கலை உண்டவள். தன்னைப்போன்ற மாணவரும் மருத்துவமனை ஊழியரும் வந்துசேரும்படி விழாவைக் கோட்-டெ-நெய்ஜுக்குக் கொணர்வதொன்றே அவள் வேட்கை.

எண்ணிப் பார்த்தபோது இருபுறமும் சமம். எஞ்சிய ஓரிணையில் இடக்காலணி இடப்பக்கமும் வலக்காலணி வலப்பக்கமும் நின்றன. அவற்றை வைத்தவர் எவரெனக் கமலினி ஒருத்தியே அறிவாள். தன் முறைக்குக் காத்திருந்தவள், கதவின் கண்ணாடி வழியே, பாலகிருஷ்ணனின் மனைவி அனுசூயா நெடுநேரம் தயங்கி நின்றதைக் கண்டிருந்தாள்.

வழக்கு உயர்நடுவர் மன்றத்துக்குச் சென்றது. அஃதாவது, ரகுநாதனாரும் வேறிருவரும் அடுக்களைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டனர். காலணிகள் சான்றுப்பொருளாகிவிட்டமையால் வீடுதிரும்ப எவர்க்கும் வழியில்லை. உள்ளே வழக்கின் நுட்பங்களோடு வடைகளும் தீர்ந்தவண்ணம் இருந்தன.

“தோற்றால் கவலை வேண்டாம், அம்மா. தனிச் சங்கம் தொடங்கிவிடுவோம்; பெயர்கூட வைத்தாயிற்று!” என்றார் கமலினியின் அணியைச் சேர்ந்த அனந்தராமன்.

“இரண்டு தலைவர் கிடைப்பார்கள், ஐயா. உறுப்பினருக்கு எங்கே போவது?” என்றாள் அவள்.

தாழ் திறந்தது. தமிழர் இல்லம் புகுகையில் முன்வைப்பது வலக்காலே. ஆகவே வாக்கின் உயிர் வலக்காலணியில் உள்ளது. வென்றவர் பாலகிருஷ்ணன் என்றனர் நடுவர் இருவர். ரகுநாதனார் உடன்படவில்லை. “ஓர் உள்ளம் இருபுறமும் நிற்கிறதென்றால், அது நம்மிடம் ஏதோ சொல்ல வருகிறது. அதைக் கேளாமல் எண்ணுவது கணக்கு, முறையன்று” என்றார். ஆயினும் இருவர் சொல்லே தீர்ப்பாயிற்று.

ஒரு பெயரை உரைத்தால் அவையே நடுங்கும் என்பதை அறிந்திருந்தும், ஒருத்தியின் தயக்கத்தைத் தெருவுக்கு இழுத்துக் கொணரும் வெற்றி தனக்கு வேண்டாவெனத் துணிந்து, கமலினி எழுந்து கைகூப்பினாள். “தீர்ப்பை ஏற்கிறேன். வாழ்த்துகள், தலைவரே.”

அப்போது அனுசூயா எழுந்தாள். “என்னங்க, அந்தக் காலணி என்னுடையது.”

பாலகிருஷ்ணன் அவள்பக்கம் திரும்பி, “தீர்ப்பு எனக்குத்தானே வந்தது?” என்றார்.

“வந்தது, சரி. விழா யாருக்கு? வர வழியில்லாதவர் பங்கையும் சேர்த்துப் பொங்கி, மீந்ததை ஒரு வாரம் நாம் இருவரே தின்கிறோம். ஆறெல்லாம் தாண்டப் பாலம் கட்டுகிறீர்கள். நம் வீட்டுக்கு ஒரு பேருந்து வருமா?”

பாலகிருஷ்ணன் கமலினியிடம் சென்று, “கமலினியம்மா, இங்குள்ள பள்ளிக்கூடத்தில் கூடம் கிடைக்குமா?” என்றார்.

கிடைத்தது. தைத்திங்கள் முதல் ஞாயிற்றன்று, மூச்சுப்புகை முகில்களாய் எழ, மாணவரும் செவிலியரும் தரைதுடைப்போரும் பேருந்து பேருந்தாய் வந்திறங்கினர். பொங்கல் பொங்கிய வெம்மையில் கூரைப்பனி உருகி அத்தெருவில் சிற்றாறு ஓடிற்று என்பர். ஐயுறுவோர் அன்று வராதவர். கமலினி அவ்வாண்டு தனியே உண்ணவில்லை. நடுவர் பிரிந்து நின்று தீர்ப்புரைத்தல் ஊர்க்கு இழுக்கன்று. தோற்றவர் அவையைவிட்டு அகலாமலும், வென்றவர் செவியை மூடாமலும் இருப்பாராயின், பிளந்த தீர்ப்பின் கீழும் ஓர் ஊர் ஒன்றாய் அமர்ந்து உண்ணும்.