மஞ்சள் அடித்த இடத்தில் பதினான்கு வீடுகள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணன் மகள், கல்லூரியில் புவியியல் எடுக்கப் போகிறேன் என்று சொன்னாள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். "அதப் படிச்சிட்டு என்ன பண்ணுவ, உலக உருண்டை விப்பியா?" என்று கேட்டவர் வங்கி மேலாளர். ரசம் சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து, கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் முதல் வரியை எழுதினேன்:

நெய்வேலியின் புகைபோக்கிகளுக்கு மேலே சூரியன் மெல்ல

வேண்டாம். நெய்வேலியைப் பற்றி யார் எழுதினாலும் புகைபோக்கி வழியாகத்தான் இறங்குகிறார்கள். இன்னொன்று:

புவியியல் மீது கொண்ட தீராத காதலால் சந்திரா என்ற இளம்பெண் 1979ஆம் ஆண்டு

பொய். காதலெல்லாம் கிடையாது. சந்திராவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான்: வெயிலில் நடந்துபோய்க் கண்ணால் பார்த்ததைக் காகிதத்தில் கொண்டுவந்து வைப்பது. அதற்கு ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்தபோது, அதில் சேர்ந்தாள். காரணம் அவ்வளவுதான்.

2

சந்திராவின் அப்பா இசக்கிமுத்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் ஷிப்ட் வேலை. பெர்மனன்ட். அந்த ஒரு சொல்லுக்காகத் தாமிரபரணியை விட்டுவிட்டு வந்தவர் அவர். மகளுக்கும் அதே சொல்லைத்தான் விரும்பினார்.

"ஏளா, பி.காம் படி. டைப் அடிக்கப் படி. கம்பெனில எடுத்துக்கிடுவாங்க. மேப்பு வரஞ்சி என்னத்தக் கண்ட?"

"நீங்க வேலை பாக்குற குழிய எங்க தோண்டணும்னு யாருப்பா சொன்னாங்க? டைப் அடிச்சவங்களா?"

இசக்கிமுத்து டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பினார். அவர் தோற்கவில்லை, பதிலை அடுத்த ஷிப்டுக்குத் தள்ளிவைத்தார். சந்திரா பட்டப்படிப்பை முடித்துச் சென்னையில் எம்.ஏ. சேர்ந்த பிறகும் அந்தப் பதில் வரவில்லை.

(வங்கி மேலாளர் குறித்துக்கொள்ளட்டும்: வாத்தியார் வேலை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, வானிலை, நகரமைப்பு, வரைபட அலுவலகம், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து நிலத்தடி நீர் தேடுவது. உருண்டை விற்பது இந்தப் பட்டியலில் இல்லை.)

3

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு கிராமத்தை அளந்து, நிலத்தை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று வரைபடம் போடவேண்டும். சந்திரா வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில், குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தாள். ஊரின் பெயரை ஏரிக்கொல்லை என்று வைத்திருக்கிறேன். தேடாதீர்கள், கிடைக்காது.

அளவுச் சங்கிலியும், சிவப்பு வெள்ளைப் பட்டை அடித்த நான்கு கம்புகளும், முக்காலி வைத்த மேசைப் பலகையுமாக அவள் போய் இறங்கினாள். அங்கேதான் தப்புச் செய்தாள். சுரங்கம் விரிந்துகொண்டே வரும் பக்கத்தில், சங்கிலியோடு வருகிறவள் மாணவி என்று யார் நம்புவார்கள்? முதல் கம்பை ஊன்றி அவள் நிமிர்வதற்குள் ஒரு பெண் ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

இவள் கலியம்மாள். நாற்பது வயது. ஊர் மாடு மேயும் மேய்க்கால் புறம்போக்கில் குடிசை. இவளை நான் நம்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். முதல் பிரதியில் அழவைத்தேன், பொம்மைபோல் இருந்தாள். இரண்டாம் பிரதியில் சந்திராவுக்கு மோர் கொடுக்கவைத்தேன், அது இன்னும் மோசம். அதனால் திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அளந்துகினு போவீங்க, மூணு மாசத்துல நோட்டீசு வரும். கம்பெனி ஊட்டுப் பொண்ணுதான நீ?"

"அப்பா கம்பெனிங்க. நான் படிக்கிறேன். பரீட்சைக்குத்தான் அளக்கறேன்."

"எங்கூட்டு மண்ணுல இன்னா பரீட்ச ஒனக்கு?"

சந்திரா மூன்று நாள் வந்து வந்து திரும்பிப் போனாள். கம்பைத் திருப்பித் தரவில்லை கலியம்மாள், பீர்க்கங்கொடிக்கு ஊன்றிவிட்டாள். நான்காம் நாள் சந்திரா சங்கிலி இல்லாமல் வந்து, வயல் வரப்புகளைக் காலடி எண்ணி நடக்க ஆரம்பித்தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கலியம்மாள் கூப்பிட்டாள்.

"அளக்கறதுன்னா எங்க வூட்டயும் அளந்துகினு போ. வர்றவன் எல்லாம் வயல அளக்கறான், கெணத்த அளக்கறான், எங்க பதினாலு வூட்ட மட்டும் தாண்டிகினு பூடறான். நாங்க இன்னா ஆவியா?"

பட்டா இல்லாத வீடுகள். சந்திராவின் பேராசிரியர் கேட்ட பட்டியலிலும் அவற்றுக்கு இடமில்லை. ஆனால் மறுநாள் கொண்டுவந்த சங்கிலியின் ஒரு முனையைக் கலியம்மாளும் மறுமுனையைச் சந்திராவும் பிடித்து, பதினான்கு வீடுகளையும் ஒன்றுவிடாமல் அளந்தார்கள். யார் வீடு, எத்தனை பேர், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் சந்திரா எழுதிக்கொண்டாள். அளக்கப் போன அந்த ஆறு மாதத்தில் அவளுக்குப் பெருமையாக இருந்த நாள் அது ஒன்றுதான்.

4

பாஸ் பண்ணினாள். முதல் வகுப்பு. அதன் பிறகு பதினான்கு மாதம் வீட்டில் (இந்தப் பகுதியை நீட்டினேன், வெட்டிவிட்டேன். வேலை கிடைக்காதவளின் மத்தியானங்கள் எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.)

1985இல் நகரியத்தில் ஒரு சர்வே காண்ட்ராக்டரிடம் டிரேசர் வேலை வந்தது. வரைபடத் தாளின் மேல் மெல்லிய படலத்தை விரித்து, கீழே தெரிகிற கோடுகளை மையால் மேலே எடுக்கும் வேலை. காண்ட்ராக்டர் பெயர் குழந்தைவேல். காண்ட்ராக்ட் வேலைதான்; ரெண்டு வருஷம் ஒழுங்காக இருந்தால் கம்பெனி வரைபடப் பிரிவில் பெர்மனன்டாக்கச் சொல்லுகிறேன் என்றார். இசக்கிமுத்து அன்றைக்கு லீவு போட்டு, பிளாக் முழுக்கப் பால்கோவா கொடுத்தார். "மேப்பு வரஞ்சுதான் வேல வாங்கிருக்கா எம்மவ" என்று பக்கத்துக் குவார்ட்டர்ஸில் அவர் சொன்னது சந்திராவின் காதில் விழுந்தது. பழைய பதில் அதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரம் அவள் மேசைக்கு வந்த தாள் ஏரிக்கொல்லை. நிலம் எடுப்பதற்கான வரைபடம். வயல்கள் இருந்தன, கிணறுகள் இருந்தன. மேய்க்கால் இருந்த இடத்தில் மஞ்சள் அடித்துத் 'தரிசு' என்று எழுதியிருந்தது. பதினான்கு வீடுகளில் ஒன்றுகூட இல்லை.

இதில் வீடு இருந்தால்தான் அந்த வீட்டுக்காரருக்கு வேறு மனை கேட்க ஒரு பிடி கிடைக்கும். இல்லாவிட்டால், இல்லாத வீட்டுக்கு யார் மனை கொடுப்பார்கள்?

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்று: உள்ளபடியே டிரேஸ் எடுக்கிறாள், பெர்மனன்ட் ஆகிறாள், சொந்தப் பெயரில் குவார்ட்டர்ஸ். இதை இளக்காரமாக எழுத ஆரம்பித்தேன், கை கூசியது. அந்தக் குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ஒரு முறை உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து இளக்காரம் செய்யலாம்.

இரண்டு: கலெக்டரிடம் போகிறாள். நல்ல மனிதர். எழுந்து நின்று கைகொடுக்கிறார். இந்தப் பக்கத்தை நானே கிழித்தேன்.

மூன்று: தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வெளியேறுகிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் சந்திரா நகரவில்லை.

"கிழிச்சா உங்க கதை முடிஞ்சிடும்" என்றாள் என்னிடம். "அடுத்த டிரேசர் சாயந்திரத்துக்குள்ள தரிசுன்னு போட்டுக் குடுத்துடுவான். அப்புறம்? நான் படிச்சது வரையறதுக்கு. வீரம் காட்டணும்னா நீங்க உங்க வங்கி மேனேஜர்கிட்டப் போய்க் காட்டுங்க."

மூன்றாவது முடிவையும் கிழித்தேன்.

6

அவள் வரைந்தாள். பழைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அளவு மாற்றி, பதினான்கு கட்டங்கள். கூரை வீட்டுக்கு ஒரு குறி, ஓட்டு வீட்டுக்கு ஒரு குறி. ஓரத்தில் 'நேரில் அளந்தது' என்று எழுதித் தன் பெயரையும் தேதியையும் போட்டாள்.

மறுநாள் காலை குழந்தைவேல் படலத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"வீடுங்க சார்."

"ஒரிஜினல்ல இருக்கா?"

"ஷீட்ல தரிசு சார். தரையில பதினாலு வீடு."

அவர் கெட்டவர் இல்லை, களைத்தவர். "திங்கக்கிழமை ஷீட் போயாகணும். பட்டா இல்லாததக் காட்டினா மறுபடி ஆள் போட்டு அளக்கச் சொல்லுவான். யாரு அலையறது? உங்கப்பா முகத்துக்காகச் சொல்றேன், சுரண்டிடு." பாதி பிளேடு ஒன்றை மேசையில் வைத்தார். படலத்தில் ஏறிய மையை அப்படித்தான் எடுப்பார்கள். பதமாகச் சுரண்டினால் கோடு இருந்த தடமே தெரியாது.

சந்திரா பிளேடைத் தொடவில்லை. அப்பா கொடுத்த பால்கோவா நினைவுக்கு வந்தது. படலத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னாள்:

"என்னால முடியாதுங்க சார். வேலைக்கு வேற ஆள் பாத்துக்குங்க, இல்ல நீங்களே சுரண்டுங்க. நான் பேர் சொல்றேன். இது கலியம்மாள் வீடு, அஞ்சு பேர். இது பட்டம்மாள், தனி ஆள். இது சிங்காரவேல், நான் அளந்த வருஷப் பொங்கலுக்குத்தான் ஓடு போட்டாரு. இது தெய்வசிகாமணி..."

குழந்தைவேல் பிளேடை எடுத்தார். பட்டம்மாளின் வீட்டுக்கு மேலே கொண்டுபோனார். பிறகு திரும்ப மேசையில் வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனார்.

இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. முடியாமல் இல்லை, மாட்டேன். அவர் வருவதற்குள் யாராவது முடித்துவைக்க விரும்பினால் உள்ளே வரலாம். கதவு திறந்துதான் இருக்கிறது, பிளேடும் மேசைமேல்தான் இருக்கிறது. எந்த வீட்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். உள்ளே எத்தனை பேர் என்று சந்திரா சொல்லுவாள்.