எதிர்பார்க்கப்படும் விடை

1

இந்த மனிதர் இன்னொரு முறை ‘இதன் நோக்கம் என்ன?’ என்று கேட்டால், கையில் இருக்கும் சாக்பீஸை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

இப்படி நினைத்தது என் அண்ணி. பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளரிடம் வாய்விட்டுச் சொன்னது வேறு: “சரிங்க சார், மாத்தி எழுதிடறேன்.”

நினைத்ததற்கும் சொன்னதற்கும் இடையே இருக்கும் தூரத்தை ஆராய்வதற்காக இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன். [இல்லை. இது பேட்டியில் சொல்ல வேண்டிய பதில்.] உண்மையில் நடந்தது இது. அண்ணி துணி மடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “உனக்கு என்ன, சிரிப்ப. ஒரு வருஷமா நான் மனசுக்குள்ளயே செருப்பை மாட்டறதும் கழட்டறதுமா இருக்கேன்” என்றாள். அந்த வாக்கியத்துக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டிலேயே இப்படி ஒன்று கிடைக்கும்போது கண்டும் காணாததுபோல் போகும் அளவுக்கு நான் பெருந்தன்மைக்காரி இல்லை.

2

முதல் தொடக்கம்: ‘கல்லூரியின் மாடிப்படிகளில் ஏறியபோது அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அவள் பையில் —’

நிறுத்திவிட்டேன். பையில் என்ன இருந்தது என்று யோசித்ததும் ‘கனவுகள்’ என்று எழுதக் கை போயிற்று. பையில் இருந்தவை தண்ணீர் பாட்டில், அளவுகோல், முட்டிவலித் தைலம்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஆசிரியப் பணி என்பது —’

வேண்டாம். இதைப் படிக்க நேர்ந்தால் நானே பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

மூன்றாவதாக, உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். அண்ணி ஒன்பது வருடம் ஒரு மழலையர் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். சான்றிதழ் கிடையாது. வரும் கல்வியாண்டிலிருந்து சான்றிதழ் இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதனால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தாள். எழுத்துத் தேர்வுகள் எல்லாம் முடிந்த பிறகு, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் பின்னால் உட்கார்ந்து பார்க்க, உண்மையான வகுப்பு ஒன்றை நடத்திக் காட்ட வேண்டும். தேறினால் வேலை நிலைக்கும். தவறினால் இன்னொரு வருடம். அதற்குள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

போகக்கூடியது இவ்வளவுதான், ஒரு நாற்காலி. இதைப் போய் ஒரு கதையாக எழுதுவார்களா என்று நினைப்பவர்கள், ஒன்பது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

3

பயிற்சிக் கல்லூரியில் முதல் சில மாதங்கள் குழந்தைகளே கிடையாது. வளர்ந்த பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து குழந்தைகளாக நடிப்பார்கள். ஒருத்தி எழுந்து ஆசிரியையாவாள். ஆறே நிமிடம், ஒரே ஒரு திறன். இன்று கேள்வி கேட்கும் திறன் என்றால் நாளை பாராட்டும் திறன். ஆறாவது நிமிடம் விரிவுரையாளர் மேசைமணியைத் தட்டுவார். பாதி வாக்கியத்தில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். தவறான விடை சொல்லக்கூட ஒருத்தியை முன்கூட்டியே நியமித்திருப்பார்கள். திருத்தும் திறனைக் காட்ட வேண்டுமே.

வீட்டில் ஒத்திகை நடந்தபோது அந்தப் பதவி எனக்கு வந்தது. அண்ணன் நல்ல மாணவன்.

“ஈரத்துணி எப்படிக் காயுது?”

“வெயில் பட்டு டீச்சர்” என்றான் அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு.

“மிக நன்று! நீ சொல்லும்மா.”

“பிழிஞ்சவங்க ஒழுங்கா பிழிஞ்சிருந்தா தானா காயும் டீச்சர்” என்றேன்.

“உன்னைத் தப்பா பதில் சொல்லச் சொன்னேன், குத்திக்காட்டச் சொல்லல. எழுந்து நில்லு.”

“நாத்தனாரை நிக்க வைக்கிறீங்களா? ஊர் என்ன பேசும்?”

“ஊரையும் நிக்க வைப்பேன். நில்லு.”

(* பாராட்டும் திறன் நடந்த வாரத்தில் அண்ணன் குளியலறையிலிருந்து “தண்ணி நின்னுடுச்சு!” என்று கத்தினான். அண்ணி அடுப்படியிலிருந்து “மிக நன்று!” என்றாள். அவன் தலையில் நுரையோடு கதவைத் திறந்து, “இதுல என்னடி நன்று?” என்றான். இந்த இடத்தில் கதையைச் சிரிப்பாகவே கொண்டுபோய்விடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.)

4

அப்புறம் உண்மையான பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு, அறிவியல், நாற்பது குழந்தைகள். ஒவ்வொரு பாடத்துக்கும் முந்தின நாளே திட்டம் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். திட்டத்தில் மூன்று கட்டங்கள். முதலில் ஆசிரியர் செய்வது, அடுத்தது மாணவர் செய்வது, மூன்றாவது எதிர்பார்க்கப்படும் விடை.

முதல் வகுப்பில் அண்ணி ஆறாவது நிமிடம் நின்றுவிட்டாள். மறதி இல்லை, பயமும் இல்லை. சாக்பீஸ் பிடித்த கை பலகைக்கு அருகே அப்படியே நிற்க, மணியோசைக்காகக் காத்திருந்தாள். குழந்தைகளும் காத்திருந்தார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல் தணிவாக, “டீச்சர், மறந்துட்டீங்களா? நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்” என்றது.

“ஒன்பது வருஷம் நிறுத்தாம பேசினவ நான்” என்றாள் அண்ணி அன்று மாலை. “சொல்லிக்கொடுக்கக் கத்துக்கப் போன இடத்துல, ஆறு நிமிஷத்துல ஆஃப் ஆகிற மாதிரி பண்ணிட்டாங்க.”

அந்த வகுப்பில்தான் நேத்து இருந்தாள்.

அது பெயர் இல்லை. வகுப்பு வைத்த பட்டப்பெயர். ஜன்னலோரம் உட்காரும் அந்தப் பெண் இன்று கேட்ட கேள்விக்கு நாளைதான் பதில் சொல்வாள். திங்கட்கிழமை துணி காய்வதைப் பற்றிய பாடம். எதிர்பார்க்கப்படும் விடை, சூரிய வெப்பத்தால். அதை எல்லோரும் கூட்டாகச் சொன்னார்கள். நேத்து வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காந்தப் பாடம் பாதியில் இருக்கும்போது கையைத் தூக்கினாள்.

“டீச்சர், எங்க வீட்டுக்கு வெயிலே வராது. துணியை உள்ளதான் போடுவோம். ஆனா காஞ்சுடுது.”

“நேத்து வந்துடுச்சு டீச்சர்!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அண்ணி அன்று காந்தத்தை மேசையில் வைத்துவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசினாள். பின்னால் உட்கார்ந்திருந்த விரிவுரையாளர் திட்டத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதிவைத்தார்: ‘இன்றைய நோக்கத்துக்குத் தொடர்பில்லாதது.’

5

நேத்துவை எழுதுவதில் எனக்குச் சிக்கல் வந்தது. என் முதல் வரைவில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘அந்தப் பெண்ணின் கண்களில் யாரும் கவனிக்காத ஒரு —’

அண்ணி அதற்குமேல் படிக்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“கண்ணுல ஒளி கிளின்னு எழுதின, உன்கூடப் பேசவே மாட்டேன்.”

“ஏன் அண்ணி? வெயில் இல்லாமலும் துணி காயும்னு சொன்னவ சாதாரணப் பொண்ணா?”

“அது ஒரு நாள். அதுக்கு மறுநாள் வந்து, காந்தம் மரத்தையும் இழுக்கும்னு சாதிச்சா. பென்சிலைக் கொண்டுவந்து ஒட்டியே காட்டிட்டா. பார்த்தா அந்தப் பென்சிலுக்கு இரும்பு மூடி. பாதி நாள் தப்பாதான் சொல்லுவா. சில நாள் ஒண்ணுமே சொல்ல மாட்டா.”

“அப்போ அவ அவ்வளவு புத்திசாலி இல்லையா?”

“ஏன் இருக்கணும்?” அண்ணிக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “புத்திசாலியா இருந்தாத்தான் வகுப்புல உட்காரலாமா? நீயும் எங்க சார் மாதிரியே கேக்கற.”

நான் தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். சுருக்கென்றது. அண்ணி கடைசியில் செய்யப் போகும் காரியத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். மறைந்திருக்கும் மேதை ஒருத்தி கிடைத்துவிட்டால் காரணம் கச்சிதமாகப் பொருந்தும். வாசகர்கள் தலையசைப்பார்கள். அதாவது எழுத உட்காரும் முன்பே மூன்றாவது கட்டத்தை நானும் நிரப்பி வைத்துவிட்டேன்.

வரைவைக் கிழித்தேன். [கிழிக்கவில்லை. பின்பக்கம் காலியாக இருந்தது. இதை அதில்தான் எழுதுகிறேன்.]

6

விரிவுரையாளரை வில்லனாக்கும் ஆசையையும் விட வேண்டியதாயிற்று. மாணவிகள் அவருக்கு ‘நோக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். வலிக்கும் காலை இழுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி ஒவ்வொருத்தியின் வகுப்பையும் பார்ப்பார். தன்னிடம் படித்த ஒருத்தியும் தவறிவிடக் கூடாது என்பது அவர் கவலை. அந்தக் கவலையிலிருந்து பிறந்ததுதான் அவர் பின்பற்றிய அந்த வழக்கம்.

தேர்வாளர் வரும் நாளில் வகுப்பிலிருந்து நான்கைந்து குழந்தைகளை நூலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மெதுவாகப் பேசுகிறவர்கள், சம்பந்தமில்லாமல் கேட்கிறவர்கள், பதில் வராமல் நின்றுவிடுகிறவர்கள். வகுப்பாசிரியைக்குத் தெரியும். நூலகருக்குத் தெரியும். தேர்வாளருக்கும் தெரியாமல் இருக்காது, அவரும் ஒரு காலத்தில் இந்தப் பக்கம் இருந்தவர்தான்.

அண்ணிக்கு அதை முதலில் சொன்னது விரிவுரையாளர் இல்லை. தண்ணீர்க் குழாயடியில் நேத்துதான் கேட்டாள்.

“டீச்சர், பரீட்சை சார் வர்ற அன்னிக்கு நாங்க லைப்ரரிதானே?”

“யார் சொன்னா?”

“போன வருஷமும் அப்படித்தான். அங்க ஃபேன் இருக்கு டீச்சர். ஜில்லுன்னு இருக்கும்.”

அண்ணி இதை அன்று இரவு சாப்பாட்டு மேசையில் சொன்னாள். “அழுதிருந்தாக்கூடத் தேத்தியிருப்பேன். ஃபேன் இருக்குன்னு சந்தோஷமா சொல்றா” என்றாள்.

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். “ஒரே ஒரு பீரியட். லைப்ரரிதானே, ஜெயிலா? அவளே போறேங்கறா. நீ மட்டும் ஏன் இப்படி இழுத்துப் போட்டுக்கற? இந்த ஒரு வருஷம் நீ தூங்கினதை நான் பார்க்கல. எல்லாத்தையும் இதுக்காகவா தொலைக்கப் போற?”

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எரிச்சல். இந்தக் கதையில் தப்பாகப் பேசுகிறவர்கள் யாருமே கிடைக்கவில்லை. எல்லோரும் அவள் நல்லதுக்காகவே பேசினார்கள். அவள் எழுந்து மேசையைத் துடைத்தாள்.

7

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அண்ணி ஒப்புக்கொள்கிறாள். நால்வர் நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறார்கள். வகுப்பு மணிமணியாகப் பதில் சொல்கிறது. சான்றிதழ் வருகிறது. வருடங்கள் கழித்து ஒரு நாள் அண்ணி — (இங்கே குற்றவுணர்வு வர வேண்டும். கொண்டுவர எனக்கே சலிப்பாக இருக்கிறது.)

இரண்டு: மறுக்கிறாள். நேத்து முதல்முறையாக அன்றைய கேள்விக்கு அன்றே பதில் சொல்கிறாள். தேர்வாளர் எழுந்து கைதட்டுகிறார். (தேர்வாளர்கள் கைதட்டுவதில்லை. அவர்களுக்கு மதியத்துக்குள் இன்னும் இரண்டு பள்ளிகள் பாக்கி.)

மூன்று: மறுக்கிறாள். நேத்து நடுவில் எழுந்து முந்தின நாள் கேள்விக்குத் தப்பான பதில் சொல்கிறாள். தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதுகிறார். அண்ணியின் நாற்காலி போகிறது.

மூன்றையும் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். உண்மையில் என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும், ஒரே வீடுதானே. கடைசிப் பக்கத்தில் அதை அப்படியே எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

“எழுதாத” என்றாள்.

“கதை படிக்கிறவங்க அடிக்க வருவாங்க அண்ணி.”

“வரட்டும். தேறிட்டேன்னு எழுதினா, பார்த்தியா, நல்லவளுக்கு நல்லதுதான் நடக்கும்னுவாங்க. தவறிட்டேன்னு எழுதினா, பிழைக்கத் தெரியாதவன்னுவாங்க. ரெண்டுமே எனக்கு மார்க் போடறதுதான். நான் அன்னிக்கு வாயைத் திறந்தப்போ எனக்கு ரெண்டுல எதுவும் தெரியாது. அந்த இடத்தோட நிறுத்து.”

கெஞ்சிப் பார்த்தேன். அவள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாள். எழுதுகிறவளுக்கு இதைவிடப் பெரிய எரிச்சல் வேண்டாம், முடிவு கையில் இருக்கிறது, போட முடியாது. முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், நான்காவதாக ஒன்றைக் கட்டிக்கொண்டாலும் சரி. ஆனால் எடுத்த பிறகு, ஏன் அதை எடுத்தீர்கள் என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னிடம் மிச்சம் இருப்பது அந்த இடம் மட்டும்தான்.

8

தேர்வுக்கு முந்தின நாள், கடைசிப் பாடவேளை. குழந்தைகள் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் அண்ணியை வாசலுக்கு வெளியே அழைத்தார். மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

“நாலு பேர் போதும்மா. பேரை மட்டும் சொல்லுங்க. லைப்ரரியில நானே சொல்லிடறேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

அண்ணி விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டினாள்.

“உங்களுக்காகத்தாம்மா சொல்றேன். போன வருஷம் ஒரு பொண்ணு, தங்கமான பொண்ணு. கடைசி பெஞ்ச்ல எவனோ என்னமோ கேட்டான், இவ தடுமாறிட்டா. அவ்வளவுதான். இன்னும் மறுதேர்வுக்கு வந்து போயிட்டிருக்கா.”

“தெரியும் சார்.”

“உங்க வேலை விஷயமும் எனக்குத் தெரியும். ஒரே ஒரு பீரியட்மா. அடுத்த பீரியட் அவங்க திரும்பி வந்துடப் போறாங்க.”

“ஆமா சார்.”

“அப்போ சொல்லுங்க. யார் யாரு?” அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அண்ணி கதவு வழியாக உள்ளே பார்த்தாள். ஒவ்வொரு பெஞ்சாக, முன்னாலிருந்து பின்னால் வரைக்கும், அவசரமில்லாமல் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“அனுப்பறதுக்கு யாரும் இல்ல சார்” என்றாள்.