கழுவிய பிப்பெட்

1938இல் சேலத்தில் நான் இண்டர்மீடியட் படித்தபோது, ரசாயன ஆய்வுக்கூடத்தில் என் மேஜைக் கூட்டாளி கந்தன். எடப்பாடிப் பக்கத்துச் சேரியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நான் ஆட்டையாம்பட்டித் தறிக்காரர் வீட்டுப் பையன். கோபம் எப்போதும் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும்.

மேஜைக்கு ஒரே பிப்பெட். அந்தக் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சி, இருபது சிசி காஸ்டிக் சோடாக் கரைசலை அளந்து குடுவையில் விட வேண்டும். பிறகு பியூரெட்டைத் திறந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறியதும் செலவான அமிலத்தின் அளவைக் குறிக்க வேண்டும். மூன்று மாதமாக இருவரும் மாற்றி மாற்றிச் செய்தும் அளவு ஒத்து வரவில்லை. அன்றும் கந்தன் செய்தால் இருபது புள்ளி நான்கு. நான் செய்தால் இருபதைத் தாண்டவே தாண்டாது.

"ரெண்டு பேரு அளவும் ஒத்து வரலீன்னா ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து இல்ல. கையெழுத்து இல்லாட்டிப் பரீட்சை இல்ல. இன்னைக்குத்தான் கடைசி" என்று சொல்லிவிட்டுப் போனார் எங்கள் டெமான்ஸ்டிரேட்டர் ராசப்பன். பரீட்சை போனால் எனக்குத் தறி இருக்கிறது. கந்தனுக்கு அந்தப் படிப்பை விட்டால் பண்ணையாள் வேலைதான்.

"நீதான்டா என்னமோ பண்ற!" என்று அவன் மேல் பாய்ந்தேன். அடுத்த முறை அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தன் முறை முடிந்ததும், என் முதுகுக்குப் பின்னால் குழாயடிக்குப் போய், வாய் வைத்த நுனியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் பிப்பெட்டுக்குள் இறங்கியது.

"ஏன்டா, உள்ளார தண்ணி போனா அளவு கெட்டுப்போகும்னு தெரியாதா?"

"தெரியுமுங்க."

"அப்புறம் எதுக்குடா கழுவுற?"

"எச்சிலுங்களே. என்ற எச்சில எப்படிங்க உங்க வாயில வெக்கக் குடுக்கறது?"

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மூன்று மாதமாக என் வாய்க்காக அவன் தன் படிப்பையே அந்தக் குழாயடியில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறான். அது என் கண்ணில் படவே இல்லை.

"இந்தத் தடவை கழுவாத. அப்படியே குடு."

உள்ளே இறங்கியிருந்த தண்ணீர் போக, புட்டியில் மிச்சமிருந்த கரைசலில் கொஞ்சம் எடுத்துப் பிப்பெட்டின் உட்புறத்தை அலசினான். உறிஞ்சி, தன் அளவை முடித்தான். இருபது புள்ளி நான்கு. பிப்பெட்டை இரண்டு கையாலும் நீட்டினான். நுனி ஈரமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், வாய்வரை கொண்டுபோன கை ஒரு கணம் நின்றது. அதை அவன் பார்த்தான். உடனே தலையைத் திருப்பிக்கொண்டு, நான் வெட்கப்படாமல் இருக்கட்டுமென்று ஜன்னலைப் பார்த்து நின்றான். அவன் அப்படித் திரும்பியதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

வாய் வைத்து உறிஞ்சினேன்.

இருபது புள்ளி நான்கு.

ராசப்பன் சார் இரண்டு நோட்டிலும் கையெழுத்துப் போட்டார். "மூணு மாசமா ஒத்து வராதது இன்னைக்கு எப்படிடா ஒத்து வந்துச்சு?"

கந்தன்தான் பதில் சொன்னான்.

"கழுவறத உட்டுட்டோமுங்க, சார்."