காரணத்தை எழுதிக் கொடுங்க

பிளஸ் டூ முடித்த பிள்ளையின் சொல்லுக்குத் தண்ணீர், தீ, காற்று இவற்றில் எது கட்டுப்படும் என்று சோதித்துத் தொழில் ஒதுக்குவது வில்லியனூர் பயிற்சி நிலையத்தின் வேலை. தீயை அடக்குகிறவர்கள் திருவாண்டார்கோயில் பக்கத்து உலைகளுக்குப் போவார்கள். காற்றுக்காரர்கள் நெற்களங்களுக்கு. தண்ணீர்க்காரர்களுக்குத்தான் மவுசு, ஏரி, மதகு, வாய்க்கால் எல்லாம் அவர்கள் கையில்.

ஆரோக்கியசெல்வி சோதனையில் அண்டாத் தண்ணீரை ஆள் உயரத்துக்கு எழுப்பி நிறுத்தியவள். தொண்ணூற்றாறு மதிப்பெண். கரையாம்புத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பட்டியலைப் பார்த்தாள். அவள் பெயர் கடைசித் தாளில் இருந்தது. 'சாக்கடை அடைப்பு நீக்கம்.' அறுபத்தெட்டு வாங்கிய மஞ்சுளாவுக்கு வாய்க்கால் கிடைத்திருந்தது.

நேராக அலுவலக அறைக்குள் போனாள். ஒதுக்கீடு போடும் சாமிநாதன் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பாகூர் வாய்க்காலின் தலைமை நீர்க்காரர் கலைவேந்தன், தன்னிடம் வரப்போகிறவர்களின் பட்டியலை வாங்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது? எனக்கு ஏன் வாய்க்கால் இல்ல?"

"உங்கப்பா மரியதாஸ் சாக்கடை வேலதானே பாக்குறாரு? உங்க வூட்டுக்குப் பழக்கமான வேல. போம்மா," என்றார் சாமிநாதன்.

"சாக்கடைத் தண்ணி என் பேச்ச கேக்கும்னா வாய்க்கால் தண்ணியும் கேக்கும் சார்."

"தண்ணி கேக்கும். நிலத்துக்காரங்க கேக்க மாட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்ன வாய்க்கால்ல எறங்க வுடமாட்டாங்க. எதுக்கு வம்பு?"

"அதையே எழுதிக் குடுங்க. இன்னாரு பொண்ணுன்றதால வாய்க்கால் இல்லன்னு எழுதி, சீல் வச்சுக் குடுங்க. போயிடுறேன்."

"இதெல்லாம் எழுத முடியுமா?"

"எழுத முடியாதத செய்ய மட்டும் எப்படி சார் முடியுது?"

கலைவேந்தன் சிரித்தார். "இந்த வாய்க்கே உன்ன சேக்க மாட்டேன்," என்று டீ கிளாஸை உதட்டில் வைத்துச் சாய்த்தார். டீ வரவில்லை.

அவள் ஒரே ஒரு சொல்தான் முணுமுணுத்திருந்தாள். அவர் கிளாஸில் இருந்த டீ அவள் பக்கமாகச் சாய்ந்து நின்றது. சாமிநாதனின் டீயும் அப்படித்தான். மூலையில் இருந்த கேன் தண்ணீரும் ஒருக்களித்து அவளையே பார்த்தது. கலைவேந்தன் தன் சொல்லைப் போட்டார். டீ லேசாக நடுங்கியதே தவிர நகரவில்லை. இன்னும் உரக்கப் போட்டார். ஜன்னலில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள்.

"எழுதுங்க சார். அப்புறம் குடிக்கலாம்."

 

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து நிலையத் தலைவி விஜயகுமாரி வந்தார். கிளாஸ்களைப் பார்த்தார், மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தார். "கேக்குறாங்க இல்ல? எழுதிக் குடுங்க சாமிநாதன்."

சாமிநாதன் தேதி போட்டார். அவள் பெயரை எழுதினார். 'காரணம்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பட்டியலை இழுத்து, சாக்கடையை அடித்து வாய்க்கால் என்று எழுதினார். விஜயகுமாரி பக்கத்தில் கையெழுத்திட்டார்.

டீ சமமானது.

"ஒரு சொல்லுகூட கத்துக்குடுக்க மாட்டேன்," என்றார் கலைவேந்தன்.

"வேணாம். வாய்க்கால் எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமை பாகூரில், மற்ற நாலு பேரையும் மதகுக்கு அழைத்துப் போன கலைவேந்தன் அவளைக் கரையிலேயே நிற்கச் சொன்னார். பத்து மணிவரை நின்றாள். பிறகு பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள்.

"ஏய், மேல ஏறு!" என்று கரையிலிருந்து கத்தினார் வயல்காரர் ஒருவர்.

"எனக்குப் பேரு இருக்கு. ஆரோக்கியசெல்வி." அவள் ஏறவில்லை.

தண்ணீர் அவள் முழங்காலைச் சுற்றி ஒருமுறை சுழன்று, அவள் கை காட்டிய மேட்டு வயலுக்குப் பாய்ந்தது. கத்தியவரின் வயல்தான் அது. மூன்று நாளாகத் தண்ணீர் ஏறாமல் கிடந்தது. அவர் அதற்குப் பிறகு கத்தவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

அவள் மறுநாளும் வந்து இறங்கினாள்.